பத்தியக்காரர்களுக்குக் காலைப் பசி தாங்கும் காய்கறி ஸ்மூத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வண்டி பிடிக்கிறவர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு "இட்லியும் குறை, பொங்கலும் வேண்டாம் என்றால் என்னதான் சாப்பிடுவது?" என்று கேட்கிறவர்கள், ஊரிலிருந்து போன் செய்யும் உறவுக்காரர்கள் என்று பலரும் ஸ்மூத்தியைப் பற்றி, அதாவது காயைத் தயிரோடும் கடலையோடும் கெட்டியாக அரைத்துச் சாப்பிடுவதைப் பற்றி, கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே மாமனாருக்குச் சர்க்கரை, கணவருக்குச் சிறுநீரகக் கல் வரும் உடம்பு, எனக்குக் கோதுமை சேராது. நான் மருத்துவர் அல்ல, தினமும் சமைக்கிறவள். உங்கள் டாக்டர் சொன்னதும் நான் சொல்வதும் முரண்பட்டால் டாக்டர் சொன்னதையே கேளுங்கள்.

அக்கா, ஸ்மூத்தி குடித்தால் பத்து மணிக்கே பசிக்கிறதே, ஏன்?

நீங்கள் குடிப்பது பெரும்பாலும் ஜூஸாக இருக்கும். வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி கீரை, அரை ஆப்பிள், மீதி தண்ணீர். இதில் நூறு கலோரி தேறுவதே கஷ்டம். புரதம் 2 கிராம்கூட இருக்காது. வடிகட்டி வேறு குடித்தால் நார்ச்சத்தும் குப்பைக்குப் போய்விடும். இதைக் காலை உணவுக்குப் பதிலாக வைத்தால் பசிக்கத்தான் செய்யும்.

நம் வீடுகளில் கம்பங்கூழ் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர்கள் மதியம் வரை தாங்கினார்கள். கெட்டியான மாவு, மோர், கூடவே கடித்துக்கொள்ள ஏதாவது. ஸ்மூத்தியையும் அப்படித்தான் கட்ட வேண்டும் என்பது என் எண்ணம். கெட்டியும் கனமும் காயிலிருந்து வரட்டும். பசி தாங்குவதற்குப் புரதமும் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். தண்ணீர் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும்.

நான் ஒருவருக்குச் செய்யும் அளவு இது: வேகவைத்த சௌசௌ 150 கிராம், புளிக்காத தயிர் 150 கிராம், பொட்டுக்கடலை 2 மேசைக்கரண்டி, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 20 கிராம், ஆளி விதைப் பொடி 2 தேக்கரண்டி, ஒரு சின்னத் துண்டு இஞ்சி, கொத்தமல்லி, நான்கைந்து கறிவேப்பிலை, வறுத்த சீரகம், எலுமிச்சைச் சாறு. புரதம் 14 கிராமைத் தாண்டும், நார்ச்சத்து 8 கிராமுக்கு மேல், கலோரி 300 முதல் 350 வரை. ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ இருப்பவருக்கு இந்த ஒரு தம்ளர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடும்.

இன்னொன்று, இதை ஒரே மூச்சில் குடிக்காதீர்கள். கரண்டியில் எடுத்துச் சாப்பிடும் பதத்தில் அரைத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேலே நான்கு நிலக்கடலையைத் தூவிக் கடித்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லது. மெல்லாமல் உள்ளே போகும் உணவு அவ்வளவு நேரம் தாங்குவதில்லை.

காயைப் பச்சையாக அரைக்கலாமா, வேகவைக்க வேண்டுமா?

வேகவையுங்கள். இதில் நான் பிடிவாதக்காரி.

முதல் காரணம் சுத்தம். கீரையும் முட்டைக்கோசும் மண்ணோடு ஒட்டி வளர்பவை. கழிவுநீர் கலந்த நிலத்திலிருந்து நாடாப்புழு முட்டைகள் இலையில் ஒட்டி வரலாம். பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால் மூளை வரை சென்று கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கக்கூடும். அது பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் வரும் நோய். குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசினால் போய்விடும் என்று நம்பிப் பச்சைக் கீரையை அரைப்பதற்கு எனக்கு மனசு வருவதில்லை.

இரண்டாவது, வெந்த காய் மிக்ஸியில் வெண்ணெய் போல அரைபடும். பச்சைக் காய் எவ்வளவு அரைத்தாலும் திப்பிதிப்பியாக நிற்கும், தண்ணீர் தனியாகப் பிரியும். கேரட், மஞ்சள் பூசணி இவற்றில் உள்ள கரோட்டின் வெந்த பிறகு, கொஞ்சம் எண்ணெய்ச் சத்தோடு சேரும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், உண்மைதான். அதற்குத்தான் கடைசியில் எலுமிச்சை பிழிகிறோம்.

பச்சையாகப் போடுவதென்றால் தோல் சீவிய வெள்ளரிக்காய் போதும். கொத்தமல்லி, புதினாவை நான்கைந்து முறை தண்ணீர் மாற்றி அலசி, கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்துப் போடுங்கள். நிறமும் மாறாது.

லால்பாக் வாசலில் விற்கும் சுரைக்காய் ஜூஸையே குடித்தால் என்ன? அதுவும் காய்தானே?

வேண்டாம். லால்பாக், கப்பன் பூங்கா பக்கம் காலை நடைக்குப் போகிறவர்கள் கேனிலிருந்து ஊற்றித் தரும் சாறுகளை வாங்கிக் குடிப்பதைப் பார்க்கிறேன். அது பசிக்கு உதவாது என்பதை விடுங்கள், சுரைக்காயில் வேறு ஒரு ஆபத்து இருக்கிறது.

சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கு, பூசணி எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக் காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு சில சமயம் கூடிவிடும். எந்தக் காயில் கூடியிருக்கிறது என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்தவர்களுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சட்டென்று விழுவது எல்லாம் நேர்ந்திருக்கிறது. 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி அப்படிக் குடித்து இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு வைத்து ஆராய்ந்தது. குழு சொன்னது எளிமையானது: அரைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயையும் தூக்கி எறியுங்கள், குடித்த பிறகு உடம்பு ஒரு மாதிரி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேகவைத்தாலும் இந்தக் கசப்பு போகாது. இஞ்சியும் எலுமிச்சையும் போட்டு அரைத்தால் கசப்பு மறைந்துபோகும், நஞ்சு அப்படியே இருக்கும். அதனால் வெட்டியதும், வேறு எதோடும் சேர்க்கும் முன், காயின் இரண்டு முனையிலிருந்தும் ஒரு துண்டை ருசி பாருங்கள். ஒவ்வொரு காய்க்கும், ஒவ்வொரு முறையும். கசப்பு நல்லது, சர்க்கரையைக் குறைக்கும் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் அது பாகற்காய்க்குச் சொன்ன பேச்சு. சுரைக்காய் கசந்தால் விஷம்தான்.

எந்தக் காய்கள் நன்றாக வரும்?

சௌசௌதான் என் முதல் தேர்வு. தமிழ்நாட்டில் பெங்களூர் கத்திரிக்காய் என்று கேட்டு வாங்குவோமே, அதே காய். இங்கே கடைக்காரரிடம் சீமே பதனேகாயி என்று கேட்க வேண்டும். தனி வாசனை இல்லை, வெந்தால் மிருதுவாக அரைபடும், மாவுச்சத்தும் குறைவு. அடுத்து வெள்ளைப் பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய், காலிஃபிளவர், நூல்கோல். நூல்கோலை இளசாகப் பார்த்து வாங்குங்கள்; முற்றினால் நார் நாராக நிற்கும். மஞ்சள் பூசணியும் கேரட்டும் இனிப்பு தருபவை, பழம் சேர்க்கக் கூடாதவர்களுக்கு அந்த இனிப்பே போதும்.

கத்திரிக்காய் அரைத்தால் கறுத்துவிடும். வெண்டைக்காய் கொழகொழப்பு. உருளை, சேனை, மரவள்ளி இவற்றைப் போட்டால் கெட்டியாகத்தான் வரும், ஆனால் பத்தியக்காரர்கள் பலருக்கு அவை ஆகாது.

சர்க்கரை நோயாளிகள் குடிக்கலாமா?

குடிக்கலாம். மேலே சொன்ன சௌசௌ ஸ்மூத்தியில் மாவுச்சத்து 25 கிராம் அளவில்தான் இருக்கும், அதோடு புரதமும் நாரும் சேர்ந்து வருவதால் சர்க்கரை மெதுவாக ஏறும். வாழைப்பழம், பேரீச்சை, தேன், வெல்லம், பாக்கெட் ஜூஸ் எதுவும் வேண்டாம். "தேன் இயற்கைதானே" என்று என் மாமனாரும் கேட்டார். குளுக்கோமீட்டருக்கு இயற்கை, செயற்கை தெரியாது. பழ ருசி வேண்டுமென்றால் அரை கொய்யாவை விதையோடு போடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு இட்லி சாப்பிட்ட காலத்தில் குறித்துக் கொடுத்த மருந்தளவு அது. திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்றிய முதல் வாரம் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துக் குறித்து வையுங்கள். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் காய் இன்னொருவருக்கு ஏற்றிவிடும், அது சோதித்தால்தான் தெரியும்.

ராகி சேர்க்கலாமா? இங்கே எல்லோரும் ராகி என்கிறார்களே.

ராகி நல்ல தானியம், 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. பச்சை மாவை அப்படியே ஸ்மூத்தியில் கொட்டக் கூடாது, வயிற்றைக் கட்டிப்போடும். முந்தின இரவு கூழாகக் காய்ச்சி ஆற வைத்து, காலையில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி எடுத்துக் காயோடு அரையுங்கள். மஞ்சள் பூசணி, ராகிக் கூழ், மோர், கொஞ்சம் தேங்காய் நன்றாகச் சேரும். ஆனால் நைசாக அரைத்த ராகி மாவு சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். சர்க்கரை உள்ளவர்கள் ராகி என்பதற்காக அளவில்லாமல் போட வேண்டாம்.

கோதுமை சேராதவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

காயிலும் தயிரிலும் கடலையிலும் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் இல்லை. சிக்கல் வருவது நாம் கவனிக்காத சின்னப் பொருட்களில். முக்கியமாகப் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படியுங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது.

அடுத்தது சத்துமாவு. வீட்டில் அரைத்ததோ கடையில் வாங்கியதோ, அதில் கோதுமையோ பார்லியோ இல்லாமல் இருப்பது அபூர்வம். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைப் புரதம் இல்லையென்றாலும் ஒரே ஆலையில் அரைபடுவதால் கலந்துவிடும். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட் மட்டும் வாங்குங்கள். பொட்டுக்கடலை மாவை மில்லில் கொடுத்து அரைக்காமல் வீட்டு மிக்ஸியிலேயே பொடித்துக்கொள்ளுங்கள். முந்தின ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போன எந்திரத்தில் நம் மாவு விழுந்தால் பத்தியம் வீண். குளூட்டனே ஆகாத செலியாக் நோய் உறுதியானவர்களுக்கு அந்தத் துளியே போதும், குடலைப் புண்ணாக்கிவிடும்.

பால், தயிர் எதுவும் ஒத்துக்கொள்ளாது. அப்புறம் புரதத்துக்கு என்ன செய்வது?

பால் குடித்தால் வயிறு கலங்கும், ஆனால் தயிரும் மோரும் பரவாயில்லை என்பவர்கள் பலர். உறை ஊற்றும்போது பால் சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்துபோவதுதான் காரணம். நீங்கள் அந்த ரகமா என்று முதலில் பாருங்கள். பாலுக்கே அலர்ஜி என்றால் தயிரும் வேண்டாம்.

தயிரே வேண்டாம் என்றால் பாசிப்பருப்பு இருக்கிறது. குழைய வேகவைத்த பாசிப்பருப்பு அரை கப், மஞ்சள் பூசணி, கால் கப் தேங்காய்ப்பால், இஞ்சி, மிளகு, எலுமிச்சை. வெதுவெதுப்பாகச் சாப்பிட்டால் சூப் மாதிரி இருக்கும். பருப்பு 7 கிராம் புரதம் கொடுக்கும், ஒரு கைப்பிடி பூசணி விதை சேர்த்தால் இன்னும் ஏறும். இனிப்பில்லாத சோயா பாலும் ஊற்றலாம்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் கீரை ஸ்மூத்தி குடிக்கலாமா?

பசலைக் கீரை ஸ்மூத்தி கூடவே கூடாது. பெரும்பாலான கற்கள் கால்சியமும், கீரை போன்றவற்றில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உருவாகும் கால்சியம் ஆக்சலேட் வகை. பசலையில், இங்கே பாலக் என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே அதில், ஆக்சலேட் மிக அதிகம். தினமும் பச்சைக் கீரை ஸ்மூத்தி குடித்துச் சிறுநீரகமே பழுதான நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பொரியலாகச் சாப்பிட்டால் ஒரு கட்டுக் கீரை நான்கு பேருக்குப் போகும். அரைத்தால் ஒருவரே அரைக் கட்டைக் குடித்துவிடலாம். ஆபத்து அந்த அளவில்தான் இருக்கிறது. முளைக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி, எள் இவையும் ஆக்சலேட் மிகுந்தவை.

சௌசௌ, சுரைக்காய், வெள்ளரி, காலிஃபிளவர் போடலாம். நிலக்கடலைக்குப் பதில் பூசணி விதை. தயிரை விட்டுவிடாதீர்கள், கல் கால்சியத்தால் வருகிறது என்று பயந்து பலர் தயிரை நிறுத்துகிறார்கள். உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடும், அது நல்லதுதான். கீரை ஆசை இருந்தால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எப்போதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள்?

இந்தப் பக்கத்தில் உள்ள எந்த அளவையும் நீங்கள் பின்பற்ற வேண்டாம். பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதம், குடிக்கும் தண்ணீர் என்று நான்கும் உங்களுக்கு எண்ணித் தரப்பட வேண்டியவை. ஸ்மூத்தி இந்த நான்கையும் ஒரே தம்ளரில் அடைத்துவிடும். உங்கள் ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் கேட்டு, அவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்யுங்கள். இளநீரை அடிப்படையாக ஊற்றும் ஸ்மூத்திகள் உங்களுக்கு நேரடி ஆபத்து.

ரத்தக் கொதிப்பு இருக்கிறது. உப்பில்லாமல் எப்படிக் குடிப்பது?

ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை ஸ்மூத்தியிலேயே உப்பை விட்டால் மதியச் சாம்பாருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். புளிப்பும் வாசனையும் இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது. எலுமிச்சை, வறுத்து உடனே பொடித்த சீரகம், இஞ்சி, புதினா, ஒரு சிட்டிகை மிளகு. சீரகத்தை அன்றன்றைக்கு வறுங்கள், பழைய பொடியில் அந்த மணம் வராது. சாட் மசாலா, கறுப்பு உப்பு, இந்துப்பு எல்லாமும் உப்புதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, கொதிப்புக்குச் சில வகை மாத்திரைகள் சாப்பிட்டாலோ அது ஆபத்து, கேட்காமல் வாங்காதீர்கள்.

காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறேன். எப்போது குடிக்கலாம்?

வெறும் வயிற்றில் மாத்திரை, தண்ணீரோடு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து ஸ்மூத்தி. நார்ச்சத்தும் சோயாவும் கால்சியமும் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும், அதனால் அவசரப்பட வேண்டாம். முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூல்கோல் வேகவைத்துச் சாதாரண அளவில் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் பச்சையாக அரைத்துக் குடிப்பதுதான் கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, தினமும் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிலக்கடலை அலர்ஜி இருப்பவர்களுக்கு?

பூசணி விதை, வெள்ளரி விதை, சூரியகாந்தி விதை. தேங்காய் ஒத்துக்கொண்டால் அதுவும். மிக்ஸி ஜாரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கழுவிய ஜாரின் பிளேடுக்கு அடியில் கடலைத் துகள் நிற்கும். அலர்ஜி இல்லாதவர்களும் கடலையைப் பார்த்துப் போடுங்கள்: பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி, பெங்களூர் பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய் பரிஷே என்ற நிலக்கடலைத் திருவிழாவுக்குப் போனால் புதுக் கடலை குவிந்து கிடக்கும். அந்தச் சமயத்தில் வாங்கி, நன்றாகக் காய வைத்துச் சேமித்தால் ருசியே வேறு.

ஏகாதசியன்று?

தானியமும் பருப்பும் கூடாது என்று இருப்பவர்கள் பொட்டுக்கடலையை விட்டுவிட்டு வெள்ளைப் பூசணி, தயிர், தேங்காய் என்று அரைக்கலாம். நிலக்கடலை சேர்ப்பது உங்கள் வீட்டு வழக்கப்படி.

பெங்களூரில் காய் எங்கே வாங்குகிறீர்கள்?

ஹாப்காம்ஸ் கடைகளில்தான் பெரும்பாலும். 1959-ல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு அது. எடையும் விலையும் நம்பும்படி இருக்கும். மொத்தமாக வேண்டும்போது கே.ஆர். மார்க்கெட்டோ மடிவாளாவோ. புதிதாக வந்தவர்கள் சில பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: சுரைக்காய்க்குச் சோரேகாயி, பீர்க்கங்காய்க்கு ஹீரேகாயி, நூல்கோலுக்கு நவிலு கோசு, பொட்டுக்கடலைக்கு ஹுரிகடலே.

டிசம்பர், ஜனவரியில் அவரைக்காய் வந்து குவியும். உரித்துத் தோல் நீக்கிய அவரைப் பருப்பையும் நன்றாக வேகவைத்து ஸ்மூத்தியில் சேர்க்கலாம், புரதம் ஏறும். பாதி வெந்ததைப் போடாதீர்கள், வயிற்றுக்கு ஆகாது.

காலையில் நேரமே இல்லை. ஏழு மணிக்கு வண்டி.

முந்தின இரவு சமையலின்போதே குக்கரில் ஒரு பாத்திரம் காயை வைத்துவிடுங்கள். ஆறியதும் பிரிட்ஜில். வாரத்துக்கு வேண்டுமென்றால் ஞாயிறன்று வேகவைத்து, ஆளுக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். எடுக்க வேண்டியதை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும். பொட்டுக்கடலை, ஆளி விதை, சீரகம் மூன்றையும் பொடித்து ஒரு பாட்டிலில் பிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். ஆளி விதைப் பொடி வெளியே இருந்தால் காறிப்போகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். காலையில் அரைக்கும் வேலை ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எடுத்துப் போவதானால் வாய் அகன்ற எவர்சில்வர் பாட்டில். தயிர் சேர்த்ததைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நம்ம மெட்ரோவில் வண்டிக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் ஆபீஸ் போய்க் குடிப்பதாகவே கணக்கு வையுங்கள்.

பெரிய பிளெண்டர் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. சட்னி ஜார் போதும். முதலில் கடலை வகையறாவைப் பொடியுங்கள், பிறகு காயைத் தண்ணீர் ஊற்றாமல் அரையுங்கள், கடைசியில் தயிரைச் சேர்த்து ஒரே சுற்று. தயிரை முதலிலேயே போட்டு நெடுநேரம் ஓட்டினால் நுரை கட்டி, தம்ளரில் பாதி காற்றாக இருக்கும். சூடான காயைப் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கிவிடும், கை வெந்துபோகும். ஆற வையுங்கள்.

குளிர்காலத்தில் சில்லென்று குடிக்கப் பிடிக்கவில்லை.

சூடாக்கிக் குடியுங்கள், யார் தடுத்தார்கள்! காயையும் பருப்பையும் அரைத்துச் சூடாக்கி இறக்கி, வெதுவெதுப்பானதும் தயிரைக் கலக்குங்கள். கொதிக்கும்போது தயிர் ஊற்றினால் திரிந்துவிடும். ஐஸ் நான் எந்தக் காலத்திலும் போடுவதில்லை, ருசியும் தெரியாது, தண்ணீரும் கூடும்.

குடித்தால் வயிறு உப்புகிறது.

இத்தனை நாள் நார்ச்சத்து குறைவாகச் சாப்பிட்ட வயிறு அது. முதல் வாரம் அரைத் தம்ளர் போதும், கூட ஏதாவது வழக்கமான பலகாரம் சின்ன அளவில். ஆளி விதையை அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள், பகலில் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். காலிஃபிளவரையும் நிலக்கடலையையும் சில நாள் நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் உப்புசம் அடங்காவிட்டால், அல்லது எடை குறைந்தால், ஸ்மூத்தியைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

புரதப் பொடி கலக்கலாமா?

பத்தியக்காரர்கள் டாக்டர் சொல்லாமல் கலக்க வேண்டாம். பொட்டுக்கடலை செய்யும் வேலைக்கு அவ்வளவு விலை கொடுக்க அவசியமும் இல்லை.

மூன்று வேளையும் இதையே குடித்து எடையைக் குறைக்கலாமா?

கூடாது. இது காலை உணவு, அவ்வளவுதான். மதியம் தட்டில் வைத்து மென்று சாப்பிடுங்கள். காலையிலும் ஒரே காயைத் தினமும் அரைக்காமல் மாற்றிக்கொண்டே இருங்கள், எந்தக் காயிலும் எல்லாச் சத்தும் இல்லை.

கூடவே பில்டர் காபி குடிக்கலாமா, அக்கா?

காபியும் டீயும் உணவிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். என் மாமனார் ஆறு மணிக்கே சர்க்கரை இல்லாமல் காபியை முடித்துவிடுவார், எட்டு மணிக்குத்தான் ஸ்மூத்தி. அந்த வரிசை அவருக்கு நன்றாக ஒத்துப்போகிறது.